பிறர் இட்ட சுட்டிக்குப் பிணை நிற்கலாமா?

2005 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18 ஆம் நாள் கூகுள் நிறுவனம் தன் வலைப்பதிவில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பதிவுகளின் கீழே வாசகர்கள் எழுதும் பின்னூட்டங்களில் காணப்படும் சுட்டிகளுக்கு ‘நோஃபாலோ’ என்னும் அடையாளத்தை இட்டுவிட்டால், அச்சுட்டிகள் காட்டும் பக்கங்களுக்குத் தேடுபொறியின் கணக்கில் யாதொரு மதிப்பும் சேராது என்பதே அதன் சாரம். யாஹூவும் எம்.எஸ்.என். தேடுபொறியும் அதற்கு உடன்பட்டன. வலைப்பதிவு மென்பொருள்களை ஆக்கியோர் பலரும் உடன்பட்டனர். அடுத்த மாதமே வெளிவந்த வேர்ட்பிரஸ் 1.5 பதிப்பு, பதிவரைக் கேளாமலே, பின்னூட்டச் சுட்டிகள் அனைத்துக்கும் அந்த அடையாளத்தை இடத் தொடங்கிற்று. இவ்வாறு, தம் இல்லத்துக்கு வந்த விருந்தினரின் சொல்லுக்குத் தாம் பிணை நிற்பதா இல்லையா என்று ஒவ்வொரு பதிவரும் தனித்தனியே ஆலோசித்து முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயம், சில வாரங்களுக்குள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஓரிடத்தில் முடிவு செய்யப்பட்டுவிட்டது. அம்முடிவு நியாயமானதுதானா, நியாயமாயின் எந்த அளவுக்கு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுட்டி ஒன்றுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆராய்ச்சியாளர் தம் கட்டுரையில் மற்றொருவருடைய கட்டுரையை மேற்கோளாகக் குறிப்பிடுவாராயின், அவ்வாறு குறிப்பிடுதலே ஒருவகைச் சாட்சியமாகும் என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டு, யூஜீன் கார்ஃபீல்ட் என்பவர் 1955 ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் மேற்கோள் அட்டவணை என்னும் யோசனையை வெளியிட்டார். மேற்கோள்களை வெறுமே எண்ணுதல் போதாது, யார் மேற்கோள் காட்டுகிறார் என்பதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று 1976 இல் பின்ஸ்கி, நரின் என்னும் இருவர் எடுத்துக் காட்டினர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998 இல் வெளியிட்ட கட்டுரை, இக்கருத்தை வலைப்பக்கங்களுக்குப் பொருத்தியது. ஒரு பக்கத்தின் மதிப்பு, அது சுட்டுகின்ற பக்கங்களுக்கெல்லாம் பங்கிடப்பட்டுச் செல்லும். பத்துப் பக்கங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு. மதிப்பு மிக்க பக்கத்தின் பங்கு கனமானது, மதிப்பற்ற பக்கத்தின் பங்கு இலேசானது. சுட்டிகளின் வழியே மனம்போன போக்கில் உலவிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர், நூற்றுக்கு எண்பத்தைந்து தடவை ஏதேனும் ஒரு சுட்டியைப் பின்பற்றி நடப்பார், எஞ்சிய பதினைந்து தடவை சலித்துப்போய் வேறெங்கோ தாவுவார் என்ற கற்பனையின்மேல் அந்தக் கணக்கு எழுப்பப்பட்டது. பேஜ்ரேங்க் என்று அதற்குப் பெயர்.

இக்கணக்கின் உள்ளே ஓர் அனுமானம் மறைந்து கிடக்கிறது. பக்கத்தை எழுதியவர் யாரோ அவரே அதிலுள்ள சுட்டிகளையும் இட்டவர் என்பதே அது. கார்ஃபீல்ட் கண்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் உலகத்தில் இந்த அனுமானத்துக்குப் பழுது நேர வழியில்லை. அச்சான கட்டுரையின் அடிக்குறிப்பில் வழிப்போக்கர் ஒருவர் வந்து தம் நூலின் பெயரைச் செருகிவிட்டுப் போக முடியாது. பின்னூட்டப் பெட்டி என்ற ஒன்று தோன்றியதும் அவ்வனுமானம் உடைந்துபோயிற்று. பக்கம் ஒருவருடையது, அதன் மதிப்பும் அவருடையது, சுட்டியோ வேறொருவருடையது. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் வெளியிட்ட கருவிப்பட்டை, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் மதிப்பைச் சுழியம் முதல் பத்து வரையிலான ஓர் எண்ணாகப் பச்சைக் கோட்டில் காட்டத் தொடங்கியபோது, கண்ணுக்குத் தெரியாதிருந்த செல்வம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த செல்வத்தைத் திருட ஆள் வருவதற்கு நெடுநாள் பிடிக்கவில்லை. மருந்து விற்போரும் சூதாட்டக்காரரும் கடன் கொடுப்போரும் தம் இயந்திரங்களை ஏவி, பதிவுதோறும் நுழைந்து, தம் கடையின் சுட்டியை விதைத்துச் சென்றனர். எரிதம் என்று நாம் இப்போது வழங்கும் ‘ஸ்பாம்’ பின்னூட்டத்தின் பிறப்பு இதுவே.

இதனைத் தமிழ் மரபின் சொற்களால் சொல்லிப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைத்தற்கு உரியவர் யாவர் என்று நன்னூல் வரையறுத்துக் கூறுகிறது. நூலாசிரியனுடைய ஆசிரியன், உடன்கற்றவன், மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோரே அவர். இந்நால்வருக்கும் பொதுவாக உள்ளது யாது என்று நோக்கினால், நால்வரும் அந்த ஆசிரியனை அல்லது அவன் நூலை உள்ளபடி அறிந்தவர்கள் என்பது புலனாகும். செல்வரையோ அதிகாரம் உடையவரையோ நன்னூலார் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதனை அடுத்து, பல துறைகளை முடித்த புலவனே ஆயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்று விலக்குகிறார். விலக்கியவர் அவ்விதிக்குப் புறனடையும் கூறுகிறார். மன்னனுடைய அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதம் புரிந்து வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தும் தற்புகழ்ச்சி புலவனுக்குத் தகும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அச்சேறிய தமிழ் நூல்களில் சாற்றுகவிகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், இவ்விதி எவ்வளவு வேண்டப்பட்டது, எவ்வளவு மீறப்பட்டது என்ற இரண்டையும் ஒருங்கே அறிவர். நூலைப் படியாமலே சாற்றுகவி பாடிய வித்துவான்கள் இருந்திருப்பார்கள் என்று ஐயுறுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

பின்னூட்டத்தில் ஒருவர் தம் தளத்தையே சுட்டுவது தற்புகழ்ச்சி. பதிவர் அதைத் தம் பக்கத்தின் மதிப்போடு சேர்த்துத் தேடுபொறியின் முன் நீட்டுவது பாயிரம் பாடுதல். ஆகவே நம் கேள்வி, ‘பதிவர் பாயிரம் பாடலாமா?’ என்பதன்று; ‘படித்தாரா?’ என்பதே.

ஒரு நாள் காலையில் என் பதிவின் மட்டுறுத்தல் பக்கத்தைத் திறந்தபோது கண்டதை இங்கே குறிப்பிடலாம். பழைய அச்சு நூல் ஒன்றைப் பற்றி நான் எழுதியிருந்த குறிப்பின் கீழ் மூன்று பின்னூட்டங்கள் காத்திருந்தன. முதலாவது, ‘உங்கள் மிகவும் பயனுள்ள தகவல் கட்டுரைக்கு நன்றி, நான் புக்மார்க் செய்தேன்’ என்று, இயந்திரம் பெயர்த்த தமிழில் எழுதப்பட்டது. எழுதியவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மலிவு விலைக் கைக்கடிகாரம்’ என்று இருந்தது. இரண்டாவது, சொந்தமாகப் பதிவு எழுதும் நண்பர் ஒருவருடைய ஒற்றை வரிப் பாராட்டு. அவர் பெயரைத் தொட்டால் அவர் தளம் திறக்கும். மூன்றாவதை எழுதியவர், ‘ஐயா, தாங்கள் குறித்திருப்பது இரண்டாம் பதிப்பின் ஆண்டு, முதற்பதிப்பின் முகப்பு ஏடு இங்கே உள்ளது’ என்று எழுதி ஒரு சுட்டியைத் தந்திருந்தார். அதைத் திறந்து பார்த்தேன். ஓரங்கள் பொடிந்த முகப்பு ஏட்டின் படம். மூலையில் ஏதோ ஒரு நூலகத்தின் வட்ட முத்திரை, பாதி அழிந்தது. நடுவே ஆண்டு, ஐயத்துக்கு இடமின்றி. நான் பிழைபட்டிருந்தேன். குறிப்பைத் திருத்தினேன், நன்றி கூறினேன், அப்பின்னூட்டத்தையும் நண்பருடையதையும் அனுமதித்தேன். பிறகு பக்கத்தின் மூல வரிகளைத் திறந்து நோக்கியபோது, நண்பரின் தளத்துக்கும், என் பிழையைத் திருத்திய அந்த முகப்பு ஏட்டுக்கும் மென்பொருள் ஒரே குறியை இட்டிருந்தது. கைக்கடிகார வியாபாரியை நான் அனுமதித்திருந்தால் அவருக்கும் அதே குறிதான் விழுந்திருக்கும். கள்வனுக்கும் சான்றோனுக்கும் வாசலில் ஒரே முத்திரை!

நோஃபாலோ என்ற பெயரும் பொருத்தமானதன்று என்பதை இடையே சொல்லிவிடுகிறேன். ‘பின்தொடராதே’ என்று கட்டளையிடுவதுபோல் தொனிக்கும் அச்சொல், வாசகரைத் தடுப்பதில்லை. சுட்டியைத் தொட்டால் பக்கம் திறக்கத்தான் செய்யும். ‘இதற்கு நான் பிணை அல்லேன்’ என்பதே அதன் உண்மைப் பொருள். பத்திரம் எழுதும் இடங்களில் சாட்சிக் கையெழுத்து வேறு, ஜாமீன் வேறு என்பதை நாம் அறிவோம். சாட்சி போட்டவர், இன்னார் என் கண்முன் கையொப்பமிட்டார் என்பதற்கு மட்டுமே பொறுப்பாளி. ஜாமீன் நின்றவரோ, கடன் வாங்கியவர் கொடாதொழிந்தால் தம் கைப்பொருளைக் கொடுக்க வேண்டியவர். பின்னூட்டத்தை அனுமதித்த பதிவர் சாட்சி மட்டுமே என்று நோஃபாலோ அறிவிக்கிறது. அது ஒரு நேர்மையான நிலைதான். அந்நிலையைப் பதிவர் தாமே மேற்கொள்ளாமல், மென்பொருள் அவர் சார்பில் மேற்கொண்டதே என் ஆட்சேபம்.

இவ்வேற்பாடு தான் உத்தேசித்த காரியத்தையேனும் நிறைவேற்றியதா? எரிதம் குறையவில்லை. குறையாமைக்குக் காரணம் கண்டறிவது கடினமன்று. பத்தாயிரம் பதிவுகளில் சுட்டி விதைக்கும் இயந்திரத்துக்கு, பத்தாயிரத்து ஒன்றாவது பதிவில் விதைக்கச் செலவு ஏதும் இல்லை. எந்தப் பதிவில் குறி விழும், எதில் விழாது என்று சோதித்துப் பார்த்துக்கொண்டிருப்பதே அதற்கு வீண் வேலை. மதிப்பு கிட்டாவிட்டாலும், வழி தவறி வந்த வாசகர் ஒருவர் தொட்டால் அதுவே இலாபம். ஆகவேதான் அதே 2005 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அகிஸ்மெட் என்னும் வடிகட்டி தேவைப்பட்டது. பதிவர்களை எரிதத்தினின்று உண்மையில் காத்தவை அத்தகைய வடிகட்டிகளும், பதிவர்களின் மட்டுறுத்தலும், கோணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சச் சொல்லும் சோதனைகளுமே. தேடுபொறியின் கணக்கு மாசுபடாமல் காப்பதற்கு நோஃபாலோ பயன்பட்டிருக்கலாம். அது தேடுபொறியின் நலன். வாசலில் குப்பை கொட்டப்படுவதைத் தடுத்தல் பதிவரின் நலன். இரண்டும் ஒன்றென்று அறிவிப்பில் தோன்றிற்று. அனுபவத்தில் வேறாய் முடிந்தன.

இதைக் கண்டு சலித்த சில பதிவர்கள் மறுகோடிக்குச் சென்றனர். பின்னூட்டமிடும் நல்லோருக்குக் கைம்மாறாக, குறியை அடியோடு நீக்கிவிட்டு, ‘இங்கே சுட்டிகளுக்கு மதிப்பு உண்டு’ என்று முகப்பில் பட்டயம் தொங்கவிட்டனர். தண்ணீர்ப்பந்தல் வைத்தவரின் தாராளம் அது. நான் அதை ஏளனம் செய்யேன். ஆயினும் விளைவு வேறு விதமாயிற்று. அத்தகைய பதிவுகளின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிடுவதே ஒரு தொழிலாகி, அப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், கட்டுரையைப் படியாமலே ‘அருமை’, ‘மிக அருமை’ என்று எழுதிச் சென்றனர். இயந்திரம் செய்ததை இப்போது மனிதர் கூலிக்குச் செய்தனர். படியாமல் கொடுத்ததன் பயன், படியாமல் பாராட்டுப் பெற்றதாய் முடிந்தது.

தம் பக்கத்தின் மதிப்பை அயலாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் தம் பங்கு குறைந்துபோகும் என்ற அச்சத்தினால் குறியைப் போற்றுகின்றவர்களும் உளர். இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கூகுள் நிறுவனத்தில் எரிதத்துக்கு எதிரான பணியை நடத்திவந்த மேட் கட்ஸ் என்பவர் 2009 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதை ஓர் உதாரணத்தால் விளக்கினார். ஒரு பக்கத்துக்குப் பங்கிட வேண்டிய மதிப்பு பத்து என்றும், அதில் பத்துச் சுட்டிகள் உள்ளன என்றும், அவற்றுள் ஐந்துக்கு நோஃபாலோக் குறி இடப்பட்டுள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில், குறி இடப்படாத ஐந்தும் தலைக்கு இரண்டு பெற்றன. அதாவது மறுக்கப்பட்டவர்களின் பங்கு மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த முறை மாற்றப்பட்டுவிட்டது என்றும், மாறி ஓராண்டுக்கு மேலாகிறது என்றும் அவர் தெரிவித்தார். மாறிய முறையில், குறி இடப்படாத ஐந்தும் தலைக்கு ஒன்றே பெறும். எஞ்சிய ஐந்து யாருக்கும் சேராமல் ஆவியாய்ப் போகும். மறுப்பதனால் பதிவருக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை என்பது இதனால் பிரத்தியட்சம். அடுத்த வயலுக்குப் பாயாமல் மடையை அடைத்தவனுக்கு, நீர் தன் வயலிலும் தங்காமல் மணலுக்குள் இறங்கிப் போய்விடுமானால், அவனுடைய கருமித்தனத்தைச் சிக்கனம் என்று சொல்ல இயலுமா? ஜான் க்ளைன்பெர்க் என்னும் அறிஞர், பேஜும் பிரின்னும் எழுதிய அதே காலத்தில், நல்ல பக்கங்களைத் தேர்ந்து சுட்டுகின்ற பக்கத்துக்கு அவ்வாறு சுட்டியமைக்காகவே ஒரு மதிப்பு உண்டு என்னும் வேறொரு கணக்கை வகுத்தார். அது கூகுளின் கணக்காக வளரவில்லையாயினும், சுட்டுதல் ஒரு செலவு அன்று, ஒரு தகுதி என்ற அதன் உட்கருத்து எனக்கு அதிக உவப்பானது.

எதிர்க்கட்சிக்கு உள்ள வலிமையான சாட்சி விக்கிப்பீடியா. 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன் கட்டுரைகளிலிருந்து வெளியே செல்லும் சுட்டிகள் அனைத்துக்கும் நோஃபாலோக் குறியை இட்டது. உலகமெல்லாம் விக்கிப்பீடியாவைச் சுட்டி அதற்கு மதிப்புச் சேர்க்க, அது எவருக்கும் ஒரு துளியும் திருப்பிக் கொடாதிருத்தல் நன்றிகெட்ட செயல் என்று அக்காலத்தில் பலர் சினந்தனர். வாங்கும் கை நீண்டும் கொடுக்கும் கை மடங்கியும் இருப்பது பார்ப்பதற்கு அழகன்றுதான். ஆயினும் இவ்விஷயத்தில் விக்கிப்பீடியாவின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அங்கே எவரும் எந்நேரத்திலும் ஒரு சுட்டியைச் செருகலாம். செருகிய கணத்திலேயே அது உலகத்தார் பார்வைக்கு வந்துவிடும். அதைப் படித்துப் பார்த்து ‘இருக்கட்டும்’ என்று சொன்னவர் ஒருவர் உளரா, இலரா என்பதைப் பக்கத்தைப் பார்த்து அறிய வழியில்லை. பிணை நிற்பவர் இன்னார் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாத இடத்தில் பிணை இல்லை என்று எழுதி வைப்பதே ஒழுங்கு. பதிவர் நிலையோ அதற்கு முற்றிலும் மாறானது. பெயர் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பின்னூட்டம் அவர் கைக்கு முதலில் வருகிறது. அவர் படித்து அனுமதித்த பின்பே அது வெளியே போகிறது. விக்கிப்பீடியாவுக்குப் பொருந்திய நியாயத்தை அவருக்கும் பொருத்துவது, ஊர்ச் சாவடியில் தங்குவோருக்குரிய விதியை வீட்டு விருந்தினருக்கும் விதிப்பதாகும்.

மட்டுறுத்தல் என்ற சொல்லைத் தமிழ்ப் பதிவர்கள் மிக இயல்பாக வழங்கி வருகிறார்கள். பின்னூட்டம், திரட்டி, சுட்டி முதலிய சொற்களும் அவர்கள் புழக்கத்தில் வேரூன்றியவையே. 2003 ஆம் ஆண்டை ஒட்டித் தமிழில் பதிவுகள் பெருகத் தொடங்கி, 2004 இல் தமிழ்மணம் திரட்டி தோன்றி, பதிவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள முற்பட்ட பருவத்திலேதான் நோஃபாலோவும் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு நல்ல பக்கத்தைச் சுட்டுவதற்கு ஆயிரம் பேர் இருக்கக்கூடும். பின்னூட்டத்தில் கிடைக்காத மதிப்பு வேறு வழியில் அதற்கு வந்து சேரும். தமிழில் ஒரு பழம்பதிப்பின் படத்தையோ, ஒரு கல்வெட்டுப் பாடத்தையோ, சிற்றிதழ் ஒன்றின் பழைய பிரதியையோ இணையத்தில் ஏற்றி வைத்தவருடைய பக்கத்தைச் சுட்டுவார் சிலரே. அச்சிலரும் பெரும்பாலும் தம் பதிவில் சுட்டுவதில்லை, பிறர் பதிவின் பின்னூட்டத்தில், விவாதத்தின் நடுவே, ஆதாரமாகவே சுட்டுகின்றனர். நம்மவர் சுபாவம் அது. கட்டுரையில் சொல்லாததைத் திண்ணையில் சொல்வோம். ஆதலின் பின்னூட்டச் சுட்டிகளுக்கு மதிப்பை அடியோடு மறுக்கும் விதி எம்மொழிக்கும் பொதுவாயினும், சுட்டுவோர் அருகிய மொழிக்கு அதன் நஷ்டம் அதிகம். தேடுபொறியில் பழந்தமிழ் நூலொன்றின் பெயரை இட்டுத் தேடுவோர் முதலில் காண்பது நூலின் பக்கத்தையன்று, அந்நூற்பெயரை வைத்து விளம்பரம் சேர்க்கும் பக்கத்தையே என்ற முறைப்பாட்டுக்குக் காரணங்கள் பல. இதுவும் அவற்றுள் ஒன்றாதல் கூடும் என்பது என் அபிப்பிராயம்.

2019 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள் நிலைமை மாறிற்று. கூகுள் இரண்டு புதிய குறிகளை அறிமுகப்படுத்தியது: பணம் பெற்று இட்ட சுட்டிக்கு ‘ஸ்பான்சர்டு’, பயனர் இட்ட சுட்டிக்கு ‘யூ.ஜி.சி.’. பழைய நோஃபாலோ உட்பட இம்மூன்றையும் இனிக் கட்டளையாகக் கொள்வதில்லை, ஒரு குறிப்பாகவே கொள்வோம் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. தரவரிசையைப் பொறுத்தவரை அன்றே இது நடைமுறைக்கு வந்தது. பக்கங்களைத் திரட்டுவதற்கும் அட்டவணைப்படுத்துவதற்கும் 2020 மார்ச் 1 முதல் என்று நாள் குறிக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளாக ஒரே சொல் மூன்று வேலை பார்த்திருந்தது. விலைக்கு வாங்கிய சுட்டி, விருந்தினர் இட்ட சுட்டி, நம்பத் தகாத சுட்டி மூன்றும் ஒரே முத்திரையின் கீழ் அடைபட்டுக் கிடந்தன. அவற்றைப் பிரித்தது நல்ல காரியம். ‘இதை நான் நம்பேன்’ என்பதற்கும் ‘இதைச் சொன்னவர் விருந்தினர்’ என்பதற்கும் உள்ள வேற்றுமை சிறியதன்று. முன்னது பழி, பின்னது செய்தி.

இனி, தேடுபொறியே தன் புத்தியால் தீர்மானித்துக்கொள்ளப் போகிறதென்றால் பதிவர் எதை இட்டால் என்ன, இடாவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. நீதிபதி தம் புத்தியால்தான் தீர்ப்பளிக்கிறார்; அதனால் சாட்சிகள் எதையும் சொல்லலாம் என்று ஆகிவிடாது. குறிப்பாகக் கொள்ளப்படும் சொல்லும் சொல்லே. அது உண்மையாயிருக்க வேண்டும் என்பதில் தளர்வு ஏதும் இல்லை.

என் முடிவை இங்கே கூறிவிடுகிறேன். பின்னூட்டத்தில் இரண்டு வகைச் சுட்டிகள் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இந்த விவாதம் முழுவதையும் குழப்பிற்று. எழுதியவர் பெயரோடு ஒட்டி நின்று அவர் தளத்துக்குச் செல்லும் சுட்டி ஒன்று. அது முகவரிச் சீட்டைப் போன்றது. வந்தவர் இன்னார் என்று அறிவதற்கு உதவும். அதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. நெருங்கிய நண்பருடையதே ஆயினும் அதற்கு மதிப்பைக் கொடுத்தல் கூடாது. ஏனெனில் அது தற்புகழ்ச்சி, அதுவும் நன்னூலார் அனுமதித்த நான்கு இடங்களுள் ஒன்றிலும் அடங்காத தற்புகழ்ச்சி. வாதத்துக்கு ஆதாரமாகப் பின்னூட்டத்தின் உள்ளே தரப்படும் சுட்டி மற்றொன்று. அதைப் பதிவர் திறந்து படித்து, தம் வாசகருக்கு அது பயன்படும் என்று உணர்ந்தாராயின், மதிப்பை மறுப்பதற்கு அவருக்கு நியாயம் இல்லை. படிக்க அவகாசம் இல்லையாயின் குறி இருந்துவிட்டுப் போகட்டும். அவகாசமின்மை குற்றமன்று, படித்து, பயன் பெற்று, அதன் பின்னும் ‘பிணை அல்லேன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் குற்றம்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். ஒன்று, 2012 ஏப்ரலில் ‘பென்குவின்’ என்ற பெயரில் கூகுள் செய்த மாற்றத்தின் பிறகு, செயற்கையான சுட்டிகளால் வளர்ந்த தளங்கள் சரிந்தமை கண்டு, சுட்டி என்றாலே அஞ்சும் மனநிலை பலருக்கு ஏற்பட்டுவிட்டது. அந்தத் தண்டனை வஞ்சனையாகத் தேடிய சுட்டிகளை நோக்கியது. படித்துத் தேர்ந்து இட்ட ஒன்றிரண்டு சுட்டிகளுக்காக ஒரு பதிவர் நடுங்க வேண்டியதில்லை. மற்றொன்று இதைவிடக் கனமானது. இன்று நல்ல பக்கமாயிருப்பது நாளைக்கும் அவ்வாறே இருக்குமா? தளத்தின் பெயருக்குரிய ஆண்டுக் கட்டணத்தை உடையவர் செலுத்தத் தவறினால், அப்பெயரைச் சூதாட்டக்காரர் வாங்கிக்கொள்வதும், பழைய சுட்டிகளெல்லாம் ஒரே நாளில் சீட்டாட்ட மேசைக்கு வழிகாட்டத் தொடங்குவதும் நாம் காணாதவை அல்ல. ஆனால் இந்த அபாயம் பதிவர் தம் கட்டுரையின் உள்ளே தாமே இடும் சுட்டிகளுக்கும் அவ்வளவே உண்டு. அதற்காக எவரும் தம் சொந்தச் சுட்டிகளுக்கெல்லாம் நோஃபாலோ இடுவதில்லை. பத்தாண்டுக்கு முந்திய பின்னூட்டங்களைத் திரும்பிப் பார்ப்பவர் அரியர் என்பது உண்மையே. இதனால்தான், குறியை நீக்குவதைக் காட்டிலும் சிறந்த வழி, அந்தச் சுட்டியைப் பின்னூட்டத்திலிருந்து கட்டுரைக்கு மேலேற்றிவிடுவதே என்று கருதுகிறேன். ‘முதற்பதிப்பின் ஆண்டை வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார்; முகப்பு ஏடு இங்கே’ என்று நான் என் குறிப்பின் அடியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். அப்போது சுட்டி என்னுடையதாயிற்று, பிணையும் என்னுடையதாயிற்று; கண்டுபிடித்த பெருமை மட்டும் அவருடையதாகவே நின்றது. பழைய பதிப்பாசிரியர்கள், பிரதி கொடுத்து உதவியவர்களின் பெயரை முகவுரையில் குறித்துவிட்டு, பாடத்துக்குரிய பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டதும் இவ்வாறே அன்றோ?

வேர்ட்பிரஸ் 2019 நவம்பரில் வெளியிட்ட 5.3 பதிப்பு முதல் பின்னூட்டச் சுட்டிகளுக்கு நோஃபாலோவும் யூ.ஜி.சி.யும் சேர்ந்தே விழுகின்றன. அவற்றை நீக்குவதற்கென்று அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தானும் இல்லை; நீக்க விரும்புவோர் நிரலில் கை வைக்க வேண்டும், அல்லது தனியே ஒரு செருகுநிரலை நிறுவ வேண்டும். கட்டுரையின் அடியில் ஒரு வாக்கியம் சேர்ப்பதற்கு இவ்விரண்டும் வேண்டா.